230 வோல்ட்டில் இண்டிகேட்டர் எல்.இ.டி.: ரெசிஸ்டர் மட்டும் போதுமா?

கானாடுகாத்தான் வளவு

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு ஒன்று இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்றால்தான் எல்லோரும் கூடுவோம். மற்ற நாள்களில் முகப்பில் காவலுக்கு ஒரு பெரியவர் மட்டும் இருக்கிறார். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பின்கட்டில் மோட்டார் ஓடுகிறதா, இரண்டாம் கட்டில் யாராவது ஹீட்டரை அணைக்காமல் போய்விட்டார்களா என்பதை அவர் முகப்பில் இருந்தபடியே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேக்குப் பலகையில் இண்டிகேட்டர் விளக்குகளை வரிசையாக வைத்திருக்கிறோம்.

முன்பு எல்லாமே நியான். கண்ணாடி கறுத்து ஒவ்வொன்றாக மங்கிவிட்டன. அவற்றைக் கழற்றிவிட்டு 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. போட்டோம். கடையில் வரைந்து கொடுத்தபடி ஒவ்வொன்றுக்கும் தொடரில் 47 கிலோஓம், அரை வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று. வேறு எதுவும் இல்லை. முதலில் பளிச்சென்று எரிந்தன. சில மாதங்களிலேயே நீல விளக்குகள் அணைந்துவிட்டன. பச்சை மங்கிவிட்டது. சிவப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. ரெசிஸ்டரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அதன் பின்னால் பலகை பழுப்பேறியிருக்கிறது. அது பர்மாத் தேக்கு. இனி அப்படி ஒரு பலகை கிடைக்காது. எல்.இ.டி. போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பலகை கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

செக்காலை மின்பணி

47 கிலோஓம் குறைவு, அதனால்தான் சூடு. 100 கிலோஓம், ஒரு வாட் போடுங்கள். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் போட்டு வருகிறேன். காரைக்குடியில் நான் செய்த போர்டுகள் இன்னமும் எரிகின்றன. டையோடு போடு, கன்டென்சர் (மின்தேக்கி) போடு என்று பலரும் சொல்வார்கள். ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும் இரண்டு சால்டர் கூடுகிறது. பழுது அங்கேதான் வரும். எளிமையாக இருப்பதே நிலைக்கும் என்பது என் அனுபவம்.

தேவகோட்டை இயற்பியல்

சூட்டைப் பற்றிச் செக்காலை அண்ணன் சொல்வது சரி. ஆனால் எல்.இ.டி. இறப்பதற்குக் காரணம் வேறு. உங்களுக்குக் கடையில் வரைந்து கொடுத்தது நியான் காலத்துப் படம்.

நியான் குமிழில் இரண்டு கம்பிகள் இருக்கும். மின்னோட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். மாறுமின்னோட்டத்தில் இரண்டு கம்பிகளும் மாறி மாறி ஒளிரும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் இருந்தால் போதும். எல்.இ.டி. முதலில் டையோடு, பிறகுதான் விளக்கு. ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். எதிர்த்திசையில் எவ்வளவு வோல்ட் தாங்கும் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் 5 வோல்ட் என்றே இருக்கும்.

நம் வீட்டில் வரும் 230 வோல்ட் என்பது சராசரி வலிமையைக் குறிக்கும் எண். அலையின் உச்சம் அதை 1.414ஆல் பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 325 வோல்ட். நொடிக்கு 50 முறை அந்த 325 வோல்ட் எல்.இ.டி.யை எதிர்த்திசையில் தாக்குகிறது.

"நடுவில் 47 கிலோஓம் இருக்கிறதே, அது தடுக்காதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். தடுக்காது. ரெசிஸ்டரில் வோல்ட் குறைய வேண்டும் என்றால் அதில் மின்னோட்டம் பாய வேண்டும். எல்.இ.டி. எதிர்த்திசையில் மூடிக்கொள்ளும்போது மின்னோட்டமே இல்லை. ஆகவே ரெசிஸ்டரில் எதுவும் குறைவதில்லை. ஊருணிக்கு வரும் வாய்க்கால் எவ்வளவு குறுகலாக இருந்தாலும், மதகை மூடிவிட்டால் நீரின் முழு அழுத்தமும் மதகின் மேல்தான் நிற்கும். இங்கே மதகு உங்கள் எல்.இ.டி.

அந்த அழுத்தத்தில் எல்.இ.டி. ஏதோ ஓர் இடத்தில் உடைந்து எதிர்த்திசையிலும் கடத்தத் தொடங்கும். எடுத்துக்காட்டாக 30 வோல்ட்டில் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 295 வோல்ட் ரெசிஸ்டரில் விழும், மின்னோட்டம் 6.3 மில்லிஆம்பியர் அளவுக்கு ஏறும். 30 வோல்ட்டை 6.3ஆல் பெருக்குங்கள்: உச்சத்தில் 190 மில்லிவாட் அளவு. நேர்த்திசையில் அதே எல்.இ.டி. 2 வோல்ட்டில் எரியும்போது உச்சத்தில் 14 மில்லிவாட்தான். அதாவது ஒளி கொடுக்கும் வேலையைவிட, ஒளி கொடுக்காத அரைச்சுற்றில் அது பதின்மூன்று மடங்கு சூடாகிறது. அந்தச் சூடும் சில்லு முழுவதும் பரவாமல், பலவீனமான சில புள்ளிகளில் குவிகிறது. எல்.இ.டி. முதலில் மங்குவதும் பிறகு அணைவதும் இதனால்தான்.

நீலம் ஏன் முதலில் போயிற்று என்றால், நீலம், வெள்ளை, இன்றைய பளீர்ப் பச்சை ஆகியவை காலியம் நைட்ரைடில் செய்யப்படுபவை. சிவப்பைவிட இவை எதிர்த்திசை அடிக்கு எளிதில் கெடும்.

செக்காலை மின்பணி

டீச்சர், கணக்கு புரிகிறது. ஆனால் என் போர்டுகளில் சிவப்பு எல்.இ.டி.கள் ஆண்டுக்கணக்கில் எரிகின்றனவே? எதிர்த்திசையில் உடைகிறது என்றால் அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அலைகாட்டி (ஆஸிலோஸ்கோப்) வைத்துப் பார்க்க எனக்கு வசதி இல்லை. மீட்டர்தான் இருக்கிறது.

கோட்டையூர் ரேடியோ

மீட்டரே போதும் அண்ணன். ரெசிஸ்டரின் இரண்டு முனைகளுக்கிடையே நேர்மின்னோட்ட வோல்ட்டை அளந்து பாருங்கள். மீட்டர் 600 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். கம்பிகளை மின்சாரம் இல்லாதபோது கவ்வி வைத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

எல்.இ.டி. எதிர்த்திசையில் உண்மையாகவே மூடியிருந்தால், ரெசிஸ்டரில் ஒரு பக்க அரைச்சுற்று மட்டும் பாயும். அதன் சராசரி ஏறத்தாழ 103 வோல்ட். மீட்டர் அதைக் காட்டும். எல்.இ.டி. உடைந்து இரண்டு பக்கமும் கடத்துகிறது என்றால் இரண்டு அரைச்சுற்றுகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 30 வோல்ட்டில் உடையும் எல்.இ.டி. என்றால் மீட்டரில் 13 வோல்ட் அளவுதான் தெரியும். எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிதாக உடைகிறது என்று பொருள்.

ஒரு விவரம்: இந்தச் சோதனை ரெசிஸ்டர் மட்டும் போட்ட எல்.இ.டி.க்கு. எல்.இ.டி.யின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே பாதுகாப்புக்கு ஒரு டையோடு போட்ட பிறகு அளந்தால் சுழி அளவுக்கு வரும். அது சரியான நிலைதான்.

செக்காலை மின்பணி

முத்துப்பட்டணத்தில் நான் போட்ட ஒரு பழைய போர்டில் அளந்தேன். ஒன்று மட்டும் நூறை ஒட்டிக் காட்டுகிறது. மற்றவை அதற்கு வெகு கீழே. மங்கலாகத் தெரிந்த ஒன்றில் இருபதைத் தொடவில்லை. ஆக, எரிகிறது என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. எல்லாமே ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்கிக்கொண்டுதான் எரிகின்றன. 100 கிலோஓம் போட்டதால் அடி மெதுவாக விழுகிறது, அவ்வளவுதான்.

சரி, தொடரில் ஒரு 1என்4007 டையோடு போட்டுவிட்டால்? அது 1000 வோல்ட் தாங்கும். எதிர்த்திசையில் அதுவே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். ரெசிஸ்டரின் சூடும் பாதியாகக் குறையும். நான் அதைத்தான் போடலாம் என்று நினைக்கிறேன்.

கோட்டையூர் ரேடியோ

பலரும் அப்படிப் போடுகிறார்கள், பெரும்பாலும் வேலையும் செய்கிறது. ஆனால் அதை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

எதிர்த்திசையில் எந்த டையோடும் முழுமையாக மூடாது. மிகச் சிறிய கசிவு இருக்கும். 1என்4007க்கு விவரத்தாளில் 25 டிகிரியில் அதிகபட்சம் 5 மைக்ரோஆம்பியர், 100 டிகிரியில் 50 மைக்ரோஆம்பியர் என்று இருக்கும். இரண்டு டையோடுகள் தொடரில் மூடியிருக்கும்போது, எது குறைவாகக் கசிகிறதோ அதன் மேல்தான் வோல்ட் ஏறும். நல்ல எல்.இ.டி. மிக மிகக் குறைவாகக் கசியும். அப்படி இருந்தால் 1000 வோல்ட் தாங்கும் டையோடு சும்மா இருக்க, 5 வோல்ட் தாங்கும் எல்.இ.டி.யின் மேல் சுமை போய்ச் சேரும். கசிவு அளவில்தான் மின்னோட்டம் என்பதால் உடனே சாகாது. ஆனால் எந்தப் பொருளில் எது எப்படிக் கசியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதிலும் மே மாதம் பூட்டிய வீட்டில், சூடான ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் டையோடின் கசிவு கூடத்தான் செய்யும்.

டையோடை எல்.இ.டி.க்குக் குறுக்கே, எதிர்முகமாகப் போடுங்கள். எல்.இ.டி. மூடும் அரைச்சுற்றில் டையோடு திறந்துகொள்ளும். எல்.இ.டி.யின் மேல் எதிர்த்திசையில் 0.7 வோல்ட்டுக்கு மேல் ஏறவே முடியாது. எந்தக் கசிவையும் நம்ப வேண்டியதில்லை. ரெசிஸ்டரிலும் இப்போது இரண்டு பக்கமும் மின்னோட்டம் பாயும் என்பதால், மீதி வோல்ட் முழுவதையும் அதுவே ஏற்றுக்கொள்ளும்.

இதற்கு 1என்4148 என்ற சிறிய டையோடு போதும் என்று படங்களில் போட்டிருப்பார்கள். எல்.இ.டி. நன்றாக இருக்கும்வரை போதும். டையோடின் மேல் எதிர்த்திசையில் வருவது எல்.இ.டி.யின் 2 அல்லது 3 வோல்ட்தான். ஆனால் எல்.இ.டி.யின் கால் சால்டரை விட்டு வந்துவிட்டால், 325 வோல்ட்டும் அந்த டையோடின் மேல் வந்து நிற்கும். 1என்4148 அதற்காகச் செய்யப்பட்டதல்ல. 1என்4007உம் ஒன்றிரண்டு ரூபாய்தான். அதையே போட்டுவிடுங்கள்.

தேவகோட்டை இயற்பியல்

இதை அப்படியே ஆமோதிக்கிறேன். டையோடுக்குப் பதில் இன்னொரு எல்.இ.டி.யை எதிர்முகமாகக் குறுக்கே வைத்தாலும் அதே பாதுகாப்புதான். ஒன்று எரியும்போது மற்றதன் மேல் 2 அல்லது 3 வோல்ட்தான் எதிர்த்திசையில் வரும். இரண்டும் ஒன்றையொன்று காக்கும். மின்னோட்டமும் வீணாகாது. மாணவர்களுக்கு மாறுமின்னோட்டத்தைக் காட்ட நான் இதைத்தான் செய்வேன்: 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ரெசிஸ்டர், எதிரும் புதிருமாக ஒரு சிவப்பு, ஒரு பச்சை. கம்பியை நீளமாக விட்டு இருட்டில் வீசினால் சிவப்பும் பச்சையும் மாறி மாறிக் கோடு போடும். 50 ஹெர்ட்ஸ் என்றால் என்ன என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கானாடுகாத்தான் வளவு

எல்லோருக்கும் நன்றி. டையோடு விஷயம் தெளிவாகிவிட்டது. ஆனால் குறுக்கே போட்டால் ரெசிஸ்டரில் இரண்டு அரைச்சுற்றும் பாயும் என்கிறீர்கள். அப்படியென்றால் பலகை இன்னும் கருகுமே?

கோட்டையூர் ரேடியோ

47 கிலோஓமையே வைத்திருந்தால் ஆமாம், கருகும். 230ஐ 230ஆல் பெருக்கி 47,000ஆல் வகுத்தால் 1.1 வாட். உங்கள் அரை வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது.

நியான் இருந்த இடத்தில் 5 மில்லிஆம்பியர் எதற்கு? பழைய வகை எல்.இ.டி.களுக்கு அது தேவைப்பட்டது. இப்போது கிடைக்கும் அதிக ஒளி வகை எல்.இ.டி. ஒரு மில்லிஆம்பியரிலேயே கண்ணில் படும். முகப்பு நிழலில் இருக்கும் இடம், வெயில் அடிக்காது. ஆகவே 200 கிலோஓம் வையுங்கள். மின்னோட்டம் 1.15 மில்லிஆம்பியர், மொத்தச் சூடு கால் வாட்டை ஒட்டித்தான்.

ஆனால் 200 கிலோஓமை ஒற்றை ரெசிஸ்டராகப் போட வேண்டாம். 100 கிலோஓம், அரை வாட் இரண்டைத் தொடரில் போடுங்கள். வாட் கணக்கைப் பார்க்கும் பலர் ரெசிஸ்டருக்கு வோல்ட் எல்லையும் உண்டு என்பதைப் பார்ப்பதில்லை. சாதாரணக் கால் வாட் கார்பன் ரெசிஸ்டருக்கு எல்லை பொதுவாக 250 வோல்ட், அரை வாட்டுக்கு 350. நம் ஊரில் இரவில் வோல்ட்டேஜ் எங்கே ஏறி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 115 வோல்ட்தான் விழும், சூடும் 0.13 வாட் வீதம் பிரிந்துவிடும். ஒன்று கெட்டு ஷார்ட் ஆகிப்போனாலும் மற்றது எல்.இ.டி.யைக் காப்பாற்றும்.

ரெசிஸ்டர்களைப் பலகையில் ஒட்டாமல், சிறிய பேக்கலைட் துண்டில் ஏற்றி, மரத்திலிருந்து விரலளவு தள்ளி வையுங்கள். தீப்பிடிக்காத பூச்சுள்ள மெட்டல் ஆக்சைடு வகை கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. ஃபேஸ் கம்பி முதலில் ரெசிஸ்டருக்கே வரட்டும்.

பள்ளத்தூர் மாணவன்

ஐயா, ஒரு சந்தேகம். சூடே வேண்டாம் என்றால் கன்டென்சர் வைக்கலாமே? கடையில் விற்கும் சிறிய இரவு விளக்கைப் பிரித்துப் பார்த்தேன். ரெசிஸ்டருக்குப் பதில் சதுரமான கன்டென்சர் ஒன்றுதான் இருக்கிறது. நான் அதைப் போலவே செய்து, கன்டென்சருடன் 1என்4007ஐத் தொடரில் வைத்தேன். எல்.இ.டி. ஒரு கணம் மின்னிவிட்டு அணைந்துவிட்டது. எரிந்து போகவும் இல்லை. ஏன்?

கோட்டையூர் ரேடியோ

நல்ல கேள்வி தம்பி. கன்டென்சரில் உள்ளே போன மின்னூட்டம் வெளியே வந்தால்தான் அடுத்த சுற்றில் மறுபடி உள்ளே போக முடியும். தொடர் டையோடு வெளியே வரும் வழியை அடைத்துவிட்டது. முதல் உச்சத்தில் கன்டென்சர் 325 வோல்ட்டுக்கு நிரம்பி அப்படியே நின்றுவிட்டது. பிறகு மின்னோட்டமே இல்லை. கன்டென்சர் வைத்தால் குறுக்கு டையோடோ, நான்கு டையோடு பாலமோ கட்டாயம் வேண்டும். அங்கே விவாதத்துக்கே இடமில்லை.

0.1 மைக்ரோஃபாரட் கன்டென்சர் 50 ஹெர்ட்ஸில் 31.8 கிலோஓம் போல நடக்கும், 7.2 மில்லிஆம்பியர் விடும், அநேகமாகச் சூடே இல்லாமல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலை உச்சத்தில் இருக்கும் கணத்தில் சுவிட்சைப் போட்டால், காலிக் கன்டென்சர் அந்தக் கணம் வெறும் கம்பிதான். தடுக்க எதுவும் இல்லை என்றால் எல்.இ.டி. அப்போதே போய்விடும். அதற்காகத் தொடரில் ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் வேண்டும். வைத்தாலும் அந்த ஒரு கணம் 325 மில்லிஆம்பியர் வரை பாயலாம். மின்னல், மோட்டார் அணைப்பு ஆகியவற்றால் வரும் கூர்மையான எழுச்சிகளைக் கன்டென்சர் தடுக்காமல் உள்ளே விடும்; ரெசிஸ்டர் தடுக்கும்.

கன்டென்சர் கட்டாயம் எக்ஸ்2 வகை (மெயின் மின்சாரத்துக்கென்றே செய்த பாதுகாப்பு வகை), 275 வோல்ட் மாறுமின்னோட்டம் என்று அதன் மேலேயே அச்சிட்டதாக இருக்க வேண்டும். சாதாரண 400 வோல்ட் கன்டென்சரைப் போடாதே. அதன் குறுக்கே 470 கிலோஓம் முதல் ஒரு மெகாஓம் வரை ஒரு ரெசிஸ்டர் வை. இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் முள்ளைத் தொட்டால் அடிக்கும். பல விளக்குகளைத் தொடராக எரிக்க வேண்டும் என்றால் கன்டென்சர் சரி. ஒற்றை இண்டிகேட்டருக்கு ரெசிஸ்டர்தான் என் தேர்வு.

புதுவயல் மில்

அரிசி ஆலைப் பேனலில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸ் விளக்குகள். ரெடிமேடாக வாங்கிய எல்.இ.டி. இண்டிகேட்டர்தான். சில சமயம் இரண்டு ஒரே நாளில் போகின்றன. உள்ளே டையோடு எல்லாம் இருக்கும்தானே? பிறகும் ஏன்?

செக்காலை மின்பணி

இதற்கு நான் சொல்கிறேன், இது என் வேலை. ஒரே நாளில் இரண்டு போனால் விளக்கைச் சந்தேகப்படாதீர்கள், நியூட்ரலைப் பாருங்கள். பேனலுக்கு வரும் நியூட்ரல் தளர்ந்திருந்தால், சுமை குறைந்த ஃபேஸ் 230லிருந்து 415ஐ நோக்கி ஏறும். 415இன் உச்சம் 587 வோல்ட். 230க்குச் செய்த எந்த இண்டிகேட்டரும் அதைத் தாங்காது. முதலில் நியூட்ரல் கட்டையில் திருகை இறுக்குங்கள். கறுத்திருந்தால் கம்பி முனையில் உள்ள லக்கை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். அதை விட்டுவிட்டு விளக்கை மாற்றிக்கொண்டே இருந்தால், ஒருநாள் ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரும் போகும்.

இரண்டாவது, ஸ்டார்ட்டர் காயிலுக்குக் குறுக்கே இண்டிகேட்டர் இருக்கிறதா? காயிலை அணைக்கும் கணத்தில் அது திருப்பி அடிக்கும். ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் அடி. காயிலின் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கன்டென்சரும் தொடரில் சேர்ந்த அடக்கி ஒன்று போட்டால் அது தணியும். ரெடிமேடாகவே கிடைக்கிறது. மின்னலுக்கு என்றால் 320 வோல்ட் வகை வேரிஸ்டர் (வோல்ட் எல்லை மீறும்போது மட்டும் கடத்தி எழுச்சியை அடக்குவது), அதற்கு முன்னால் ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாமல் வேரிஸ்டர் போடவே கூடாது. நியூட்ரல் போன நாளில் அது தீப்பிடிக்கும்.

கானாடுகாத்தான் வளவு

நீங்கள் சொன்னபடி ஒன்றைச் செய்து பார்த்தோம். பச்சை எல்.இ.டி., இரண்டு 100 கிலோஓம், குறுக்கே 1என்4007. அருமையாக எரிகிறது, ரெசிஸ்டர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. ஆனால் புதிய குழப்பம். பின்கட்டு ஸ்டார்ட்டரின் தனிக் கான்டாக்டிலிருந்து முகப்புக்கு வரும் கம்பியில் மாட்டினால், மோட்டார் அணைந்த பிறகும் லேசாக ஒளிர்கிறது. பெரியவர் "ஓடுகிறது" என்று நினைத்து இருட்டில் பின்கட்டுவரை நடந்து போய்விட்டார்.

தேவகோட்டை இயற்பியல்

உங்கள் வீட்டின் நீளம்தான் காரணம். அந்தக் கம்பி பின்கட்டிலிருந்து முகப்புவரை, எப்போதும் மின்சாரம் உள்ள வேறொரு கம்பியோடு ஒரே குழாயில் ஒட்டி வருகிறது. ஒட்டிச் செல்லும் இரண்டு கம்பிகள் தாமே ஒரு கன்டென்சர். ஒரு மீட்டருக்கு 75 பிக்கோஃபாரட் என்று எடுத்துக்கொண்டால், 40 மீட்டருக்கு 3 நானோஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ ஒரு மெகாஓம். 0.2 மில்லிஆம்பியர் அளவுக்குக் கசியும். நியானும் இப்படி மினுக்கும், இன்றைய எல்.இ.டி. அதைவிடக் கூர்மையானது.

தீர்வு: முகப்பில், இண்டிகேட்டர் முழுவதற்கும் குறுக்கே, அதாவது ரெசிஸ்டருக்கு முன்னால் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே, 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கன்டென்சர் ஒன்று. கசிந்து வருவது அதன் வழியே போய்விடும். கம்பியில் தங்கும் வோல்ட் 7க்குள் அடங்கும், அதில் எல்.இ.டி. ஒளிர்வது அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது. கோட்டையூர் ஐயா சொன்னபடி அந்தக் கன்டென்சருக்கும் ஒரு மெகாஓம் குறுக்கே வைத்துவிடுங்கள்.

மோட்டாருக்கு நேர் குறுக்கே மாட்டிய விளக்கில் இந்தத் தொல்லை வராது. மோட்டார் சுருளே கசிவை உறிஞ்சிவிடும். அப்படி மாட்டிய விளக்கு ஒருநாள் அணைத்த பிறகும் மினுக்கத் தொடங்கினால், சுருளுக்குப் போகும் கம்பி எங்கோ அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. பெரியவரிடம் தவறாமல் சொல்லுங்கள்: விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது; ஆனால் எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று பொருளல்ல. எல்.இ.டி. போயிருக்கலாம், நியூட்ரல் அறுந்திருக்கலாம். பழைய வீடுகளில் நியூட்ரலில் சுவிட்சை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஃபேஸ் அப்படியே இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. இந்த எல்.இ.டி.யின் இரண்டு கால்களும் மின்சாரத்தோடு நேராகத் தொடர்பு உள்ளவை. டிரான்ஸ்ஃபார்மர் பிரிக்கவில்லை. 2 வோல்ட் விளக்குதானே என்று தொட்டுவிடக் கூடாது. படைப்புக்குக் குழந்தைகள் வருவார்கள். விளக்கின் தலை மட்டும் வெளியே தெரிய, பின்பக்கம் முழுவதையும் மூடிய பெட்டிக்குள் வையுங்கள். பித்தளை வளையம் அழகாக இருக்கும் என்று போடாதீர்கள். பிளாஸ்டிக் பிடிப்பானே போதும்.

கானாடுகாத்தான் வளவு

டீச்சர், கன்டென்சர் வைத்ததும் மினுக்கல் நின்றுவிட்டது. என் சித்தப்பா மகன் 12 வோல்ட் பெல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து எல்லாவற்றையும் அதிலேயே எரிக்கலாம் என்கிறான். அப்போது டையோடு வேண்டாம்தானே?

கோட்டையூர் ரேடியோ

அப்போதும் வேண்டும். 12 வோல்ட்டின் உச்சம் 17 வோல்ட், எல்.இ.டி. தாங்குவது 5. ஒரு கிலோஓம் ரெசிஸ்டர், குறுக்கே அதே டையோடு. பாதுகாப்புக்கு அதுவே மேலான வழி. ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்தால்தான் 12 வோல்ட் பக்கத்துக்குச் செய்தி வரும். வீடு முழுவதும் வயரிங்கை மாற்றும் நாளில் அதைச் செய்யுங்கள். இப்போதைக்கு மூடிய பெட்டி போதும்.

கானாடுகாத்தான் வளவு

சரி. மற்ற விளக்குகளையும் இதே முறையில் மாற்றிவிடுகிறோம். டையோடின் வெள்ளிக் கோடு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சால்டர் வைக்கப்போவது இளைஞர்கள்.

செக்காலை மின்பணி

எல்.இ.டி.யின் நீளமான காலில் டையோடின் வெள்ளிக் கோடு உள்ள முனை. குட்டைக் காலில் கோடு இல்லாத முனை. காலை வெட்டிய பிறகு நீளம் தெரியாது, எல்.இ.டி.யின் அடிவிளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் குட்டைக் கால்.

பெட்டியில் மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் 9 வோல்ட் பேட்டரியில் சோதித்துவிடச் சொல்லுங்கள். 200 கிலோஓமோடு சோதித்தால் மங்கலாகத்தான் தெரியும். ஒரு கிலோஓம் ரெசிஸ்டரைத் தனியாகத் தொடரில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு திசையில் எல்.இ.டி. பளிச்சென்று எரிய வேண்டும். பேட்டரியைத் திருப்பினால் அணைய வேண்டும், அப்போது எல்.இ.டி.யின் கால்களுக்கிடையே மீட்டர் 0.7 வோல்ட் அளவு காட்ட வேண்டும். 9 வோல்ட் காட்டினால் டையோடின் சால்டர் பிடிக்கவில்லை. எந்தத் திசையிலும் எரியாவிட்டால் டையோடு தலைகீழாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக வந்ததற்கு மட்டும் சுருங்கு குழாய் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் காப்புக் குழாய்) போட்டு மூடுங்கள். வரும் ஞாயிறு நான் அந்தப் பக்கம்தான் வருகிறேன். மெயினில் இணைக்கும்போது உடன் இருக்கிறேன்.